ஆண்டு உடுத்தும் நிறங்கள்



இந்த இலக்கிய உரைத் தொடரிலே நூல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று நான் ஒரு நாட்காட்டியைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். கத்தோலிக்கத் திருச்சபை கைக்கொண்டு வரும் வழிபாட்டு ஆண்டும், அந்த ஆண்டின் காலங்களுக்கு அது வகுத்துள்ள நிறங்களுமே எனது பொருள்.

இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உயர்தர வகுப்பிலே அகத்திணை இலக்கணம் கற்பிக்கும்போது எனக்கு ஆண்டுதோறும் ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று சொன்னால், நிலத்தை மாணவர் உடனே விளங்கிக்கொள்வர். மலையும் காடும் வயலும் கடலும் அவர்கள் கண்ணால் கண்டவை. பொழுதைத்தான் அவர்களுக்கு விளக்குவது கடினம். முல்லைக்கு ஏன் கார்காலம்? பாலைக்கு ஏன் வேனில்? ஒரு பருவத்துக்கும் ஒரு மன உணர்வுக்கும் என்ன சம்பந்தம்? "இலக்கணம் அப்படிச் சொல்கின்றது" என்பது இதற்கு விடையாகாது. அவ்வேளைகளில் எனக்குக் கைகொடுப்பது பக்கத்துத் தேவாலயத்தின் பீடத்துணி. இன்று அங்கே என்ன நிறம் என்று கத்தோலிக்க மாணவர்களைக் கேட்பேன். ஊதா என்பார்கள். ஏன் என்று கேட்பேன். அவர்கள் சொல்லும் விடையிலிருந்து பாடம் தொடங்கிவிடும்.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது எனது புதுமை அன்று. சங்க இலக்கியத்தின் இயற்கையையும் நிலப்பாகுபாட்டையும் ஆங்கிலத்தில் நூலாக எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் பகுதியிலே 1913ஆம் ஆண்டு பிறந்து 1980இல் மறைந்த அப்பெரியார் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நாம் சில வேளைகளில் மறந்துவிடுகின்றோம். முல்லையையும் பாலையையும் ஆராய்ந்த அதே மனிதர், காலையிலே ஊதாவோ பச்சையோ உடுத்துப் பீடத்தின் முன் நின்றவர். அந்த இரண்டு அறிவும் ஒருவருக்குள்ளே சேர்ந்திருந்தன. அவற்றை நாமும் சேர்த்து நோக்குவதில் தவறில்லை.

முதலில் இந்த ஆண்டு எப்படி அமைந்தது என்று பார்ப்போம்.

நான் சொல்லப்போவது உரோமை வழிபாட்டு முறை. கீழைத் திருச்சபைகளின் வழக்கங்கள் வேறு. இந்த ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடங்குவதில்லை. நத்தாருக்கு முந்திய நான்காவது ஞாயிற்றுக்கிழமை தொடங்குகின்றது. அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும். அன்று தொடங்குவது திருவருகைக்காலம், நிறம் ஊதா. நத்தார் தினத்தோடு வெள்ளை வருகின்றது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நத்தார்க் காலம் முடிய, பொதுக்காலத்தின் முதற் பகுதி பச்சையோடு தொடங்கும். பின்னர் விபூதிப் புதனன்று தவக்காலம் பிறக்கின்றது, மீண்டும் ஊதா. குருத்தோலை ஞாயிறும் பெரிய வெள்ளியும் சிவப்பு. உயிர்த்த ஞாயிறு தொடங்கி ஐம்பது நாள் வெள்ளை. ஐம்பதாம் நாளாகிய பெந்தக்கோஸ்து மறுபடியும் சிவப்பு. அதற்குப் பின்னர் பொதுக்காலத்தின் இரண்டாம் பகுதி. நவம்பர் இறுதியில் கிறிஸ்து அரசர் பெருவிழா வரும்வரை நீண்ட பச்சை.

ஊதாவின் நடுவே இரண்டு ஞாயிறுகளுக்கு மட்டும் ரோசாப்பூ நிறம் உடுத்தலாம். திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுமே அவை. நோன்பிருப்பவர் பாதி வழியிலே சற்று இளைப்பாறுவதற்கான நாள்கள் என்று கொள்ளலாம்.

இந்த நிறங்கள் கிறிஸ்தவத்தோடு கூடவே பிறந்தவை அல்ல. முதற் சில நூற்றாண்டுகளில் இத்தகைய ஒழுங்கு இருக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், பின்னர் மூன்றாம் இன்னசென்ற் என்ற பெயரோடு பாப்பரசரானவர், உரோமாபுரியின் வழக்கத்தை ஒரு நூலிலே விபரித்தார். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பச்சை என நான்கு நிறங்களை அவர் முதன்மையாகக் கூறினார். ஊதாவைக் கறுப்போடு சேர்த்தார். பச்சைக்கு அவர் சொன்ன காரணம் சுவையானது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே நிற்கும் நிறம் அது. ஆகவே விழாவும் துக்கமும் இல்லாத நாள்களுக்கு அது பொருந்தும் என்றார். 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூல் நிற ஒழுங்கைப் பரவலாக நிலைநிறுத்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. அதன் வழியே 1969இல் ஆறாம் பவுல் பாப்பரசர் ஆண்டின் அமைப்பைத் திருத்தி ஒழுங்கு செய்தார். 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இன்று நம்மூர்த் தேவாலயங்களிலே நாம் காண்பது அந்த ஒழுங்குதான்.

ஆடையின் நிறம் பேசும் என்பது சைவ மக்களுக்குப் புதிய செய்தி அன்று. திருச்செந்தூரிலே ஆவணி, மாசித் திருவிழாக்களின் ஏழாம், எட்டாம் நாள்களில் சண்முகப் பெருமான் சிவப்புச் சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி வலம் வருகின்றார். நல்லூரிலே தேரன்று பச்சை சாத்தி எழுந்தருளும் காட்சியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அந்த நிறத்தைக் கண்டதும் அடியவருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. கண் கண்டதை மனம் விளங்கிக்கொள்ளும். கத்தோலிக்க மக்களுக்கும் அப்படித்தான். தேவாலய வாசலில் நின்று பீடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்தக் காலம் என்று எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும்.

இனித் திணைக்கு வருவோம்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்றிருக்கின்றான். மழை தொடங்கிவிட்டது. தலைவி வழிபார்த்து ஆற்றியிருக்கின்றாள். வருவான் என்ற உறுதி உண்டு. இன்னும் வரவில்லை என்ற வேதனையும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இருத்தல். திருவருகைக்காலத்தின் பொருளும் இதுவே. நான்கு வாரங்களும் வருகைக்காகக் காத்திருக்கும் வாரங்கள். டிசம்பர் 16 வரை உள்ள நாள்கள் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை அதிகம் நினைக்கின்றன. 17ஆம் திகதியிலிருந்து பெத்லகேம் பிறப்பை நோக்கி மனம் திரும்புகின்றது.

ஐரோப்பியருக்கு இந்தக் காலம் உறைபனிக் காலம். அங்கே மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும். நம் வடக்கிலும் கிழக்கிலும் இது மாரிகாலம். ஒழுங்கையெல்லாம் வெள்ளம், வயலிலே பயிர் இளம் பச்சையாக நிற்கும், தவளைச் சத்தம் இரவெல்லாம் கேட்கும். ஆகவே நம்மவருக்கு இந்தக் காலம், புலவன் வகுத்தபடி, மழையோடு கூடிய காத்திருப்பாகவே அமைந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். டிசம்பர் நடுப்பகுதியிலே நமக்கு மார்கழி பிறக்கின்றது. திருவெம்பாவை நாள்களிலே விடியுமுன் எழுந்து, குளிரிலே நீராடி, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிச் செல்வோம். அந்தத் தெருவின் ஒரு பக்கத்திலே கத்தோலிக்க வீட்டார் பாலன் குடில் கட்டுவதற்கு வைக்கோல் சேர்த்துக்கொண்டிருப்பர். இரண்டு வீட்டிலும் யாரோ ஒருவரை எழுப்புவதற்கும் வரவேற்பதற்குமான ஆயத்தம் நடக்கின்றது. இதனை வரலாற்றுத் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே மழையிலே நனையும் இரண்டு கூரைகள் என்று மட்டும் சொல்கின்றேன்.

பாலைக்கு வருவோம். பாலையின் உரிப்பொருள் பிரிதல், பெரும்பொழுது வேனிலும் பின்பனியும், சிறுபொழுது நண்பகல். தவக்காலம் பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ பிறக்கின்றது. அது நம் பின்பனிக் காலம். முடிவதற்குள் வேனில் வந்துவிடும். மாரிவெள்ளம் வற்றி, குளங்கள் வெடித்து, பனங்கூடல் வெயிலிலே சலசலக்கும் நாள்கள் அவை. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படும் நற்செய்தி எது தெரியுமா? இயேசு பாலைநிலத்திலே நாற்பது நாள் நோன்பிருந்து சோதிக்கப்பட்ட செய்தி. அதன் முடிவிலே வரும் பெரிய வெள்ளியின் பொழுதோ நண்பகல். நண்பகல் தொடங்கி மூன்று மணிவரை இருள் சூழ்ந்தது என்கின்றது நற்செய்தி. பாலை, வேனில், நண்பகல், பிரிவு ஆகிய நான்கும் ஒருங்கு கூடும் இவ்விடத்தை வகுப்பிலே சொல்லும்போது, மாணவர் தாமாகவே முதற்பொருளும் உரிப்பொருளும் ஏன் இணைந்தன என்று உணர்வதைக் கண்டிருக்கின்றேன்.

இந்தக் காலத்தின் ஊதாவை எங்கள் ஊர்களிலே கத்தரிப்பூ நிறம் என்றே சொல்வர். பீடத்திலே பூ வைப்பதில்லை. அல்லேலூயா என்ற மகிழ்ச்சிக் குரல் நாற்பது நாளும் ஒலிப்பதில்லை. விபூதிப் புதனன்று நெற்றியிலே பூசும் சாம்பல், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. ஆரவாரத்தோடு ஏந்திச் சென்ற ஓலை அடுத்த ஆண்டு சாம்பலாகி நெற்றிக்கு வருகின்றது. புகழின் நிலையாமையை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. அந்த நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் விபூதிப் புதன் என்பதையும் நோக்குங்கள். நமது சொல்லொன்றை எடுத்துத் தமது நாளுக்குச் சூட்டியிருக்கின்றார்கள். குருத்தோலையும் அப்படியே. கோயில் தோரணத்துக்கும் தேவாலயப் பவனிக்கும் ஓலை வருவது ஒரே தோட்டத்திலிருந்துதான்.

தமிழ் இலக்கியத்துக்கும் இக்காலம் பங்களித்திருக்கின்றது. கோவாவிலிருந்து வந்து இலங்கையிலே பணிபுரிந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்திலே கண்ணீரோடு வாசிக்கப்பட்டு வந்த நூல். 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகங்களை யாழ்ப்பாணத்திலே சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு பார்த்தனர். நமது நாடக வரலாற்றை எழுதுகின்றவர் தவக்காலத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

உயிர்த்த ஞாயிறு எந்த நாளில் வரும் என்பதும் நமக்கு அந்நியமான கணக்கு அன்று. மார்ச் மாதச் சமவிராக் காலத்தை அடுத்து வரும் பௌர்ணமிக்குப் பிந்திய ஞாயிறே அது. திருச்சபை தனது கணிப்பு முறைப்படி அந்தப் பௌர்ணமியை நிர்ணயிக்கின்றது. ஆகவே விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த ஞாயிறிலும் வரலாம். திதியும் நட்சத்திரமும் பார்த்து விழாக் குறிக்கும் நமக்கும், போயா நாள் பார்க்கும் பௌத்த மக்களுக்கும் இது எளிதில் விளங்கும். இந்த நாட்டிலே மூன்று சமயத்தவர் ஒரே சந்திரனைப் பார்த்து நாள் குறிக்கின்றார்கள்.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன். சிவப்பு இரத்தத்தின் நிறம். பெந்தக்கோஸ்து நாளில் அது தூய ஆவியின் நெருப்பின் நிறம். விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தி இறந்தவர்களின் நினைவு நாளில் சிவப்பு உடுத்துவர். இரத்தம் சிந்தாத புனிதர்களுக்கு வெள்ளை. 1711இல் கண்டியிலே நோயுற்று இறந்த யோசப்வாஸ் அடிகளாரை, 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதராக அறிவித்தார். ஜனவரி 16இல் வரும் அவரது விழாவுக்கு வெள்ளை. நம் மொழியிலும் செம்மை என்ற சொல் நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். தளராத நேர்மை இரத்தத்தில் முடிந்த கதைகளுக்குச் செம்மை பொருத்தமான நிறமே.

நேயர்களே, இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகின்றேன். அது வெள்ளையைப் பற்றியது.

திருச்சபைக்கு வெள்ளை மகிழ்ச்சியின் நிறம், உயிர்ப்பின் நிறம். இலங்கையிலே வெள்ளை பல பொருளுடையது. பள்ளிப் பிள்ளைகளின் சீருடை வெள்ளை. போயா நாளில் சில் அனுட்டிப்பவர் உடுத்துவது வெள்ளை. கோயிலுக்குப் போகும் ஆண்மகன் கட்டுவது வெள்ளை வேட்டி. ஆனால் ஒரு தெருவிலே வரிசையாக வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே சாவீடு. ஒரே நிறம் ஒரு மொழியிலே உயிர்ப்பு, இன்னொரு மொழியிலே இறப்பு.

இந்த இரண்டு மொழிகளும் ஒன்றோடொன்று மோதிய நாள் 2019 ஏப்ரல் 21. அன்று உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், கத்தோலிக்கத்தைச் சாராத மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே சிங்களவர் உண்டு, தமிழர் உண்டு, விருந்தினராக வந்த அந்நிய நாட்டவர் உண்டு. பலர் சிறுபிள்ளைகள். ஆண்டிலேயே மிகப் பெரிய மகிழ்ச்சியின் நாள் என்று நாட்காட்டி குறித்திருந்த நாள் அது.

உயிர்த்த ஞாயிறையும் அதைத் தொடர்ந்து வரும் நாள்களையும் சேர்த்து எட்டு நாள்களைத் திருச்சபை ஒரே விழாவாகக் கொண்டாடும். அந்த எட்டு நாளும் வெள்ளை. ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, தேசிய துக்கதினம். கட்டுவாப்பிட்டியிலே பிரேதப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டுப் பெருந்தொகையானோரின் நல்லடக்கம் நடந்ததும் அன்றுதான். தெருவிலே வெள்ளைக்கொடி, நாட்காட்டியிலே உயிர்ப்பு விழாவின் வெள்ளை. எட்டாம் நாளாகிய அடுத்த ஞாயிறுக்கு இலத்தீன் மொழியிலே பழைய பெயரொன்று உண்டு. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் அணிந்த வெண்ணுடையைக் குறித்து வந்த பெயர் அது. அந்த ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 28இல், தேவாலயங்கள் மூடப்பட்டிருந்தன. கர்தினால் தமது இல்லத்தின் சிற்றாலயத்திலே ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் வீடுகளிலிருந்து தொலைக்காட்சியிலே பார்த்தனர்.

நாட்காட்டி ஒன்று மக்களுக்கு நிறம் குறித்து வைப்பதிலே என்ன பயன் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டது அந்த நாள்களில்தான். மனம் கதறிக்கொண்டிருக்கும்போது இன்று மகிழ்ச்சியின் நாள் என்று ஒரு துணி சொல்வது கொடுமையல்லவா? பிள்ளையை இழந்த தாய்க்கு அந்த வெள்ளை என்ன சொல்லும்?

இதற்கு நான் விடை கண்ட இடம் ஒரு மெழுகுதிரி. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவிலே புது நெருப்பிலிருந்து ஏற்றப்படும் பெரிய திரியைப் பாஸ்காத் திரி என்பர். அதிலே அந்தந்த ஆண்டின் இலக்கங்கள் பொறிக்கப்படும். 2019இன் திரியிலே 2, 0, 1, 9 என்ற நான்கு இலக்கங்கள் இருந்திருக்கும். அந்தத் திரியை ஐம்பது நாளும் பீடத்தருகே ஏற்றுவார்கள். அதன் பின்னர் இரண்டு சந்தர்ப்பங்களில் அதனை ஏற்றுவது வழக்கம். ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது. ஒருவரின் பிரேதப் பெட்டி தேவாலயத்துக்கு வரும்போது. அப்படியானால் அந்த வெள்ளை, துக்கமே தெரியாத மகிழ்ச்சியின் நிறம் அன்று. சாவைத் தெரிந்துகொண்டு, சாவுக்குப் பக்கத்திலே நிற்பதற்காகவே வந்த வெள்ளை அது. சாவீட்டு வெள்ளைக்கொடியும் பாஸ்காத் திரியின் வெள்ளையும் நான் முன்பு நினைத்த அளவுக்குத் தூரமானவை அல்ல.

நம் அகப்பாடல்களும் இதைத்தான் செய்கின்றன. தலைவியின் துயரை அவளுக்கே உரிய தனித்துயராகப் புலவன் விட்டுவிடுவதில்லை. அதற்கு ஒரு திணையைக் கொடுக்கின்றான். ஒரு பருவத்தைக் கொடுக்கின்றான். தோழியைப் பக்கத்திலே நிறுத்துகின்றான். பெயர் சொல்லாத தலைவியின் துயரிலே, கேட்கின்ற எவரும் தமது துயரை வைத்துப் பார்க்க இடம் உண்டாகின்றது. மரபு என்பது உணர்ச்சியைக் கட்டிப்போடுவதற்கு வந்தது அன்று. தாங்க முடியாததைத் தனியே தாங்கவேண்டாம் என்று சொல்வதற்கு வந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2025 ஏப்ரல் 21ஆம் திகதி, அன்று உயிர்நீத்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலிலே வத்திக்கான் சேர்த்துக்கொண்டிருக்கின்றது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். இது புனிதர் பட்டம் அன்று. ஆயினும் இரத்தசாட்சி என்பதிலே இரத்தத்துக்குப் பின்னால் நிற்கும் சொல் சாட்சி என்பதே. வெள்ளையின் நாளிலே விழுந்த சிவப்பைத் திருச்சபை மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம். அந்தத் தாக்குதலின் முழு உண்மையும் வெளிவரவேண்டும் என்று உறவினர் கேட்டு வந்திருக்கின்றார்கள். நிறங்கள் ஆறுதல் தரலாம். நீதிக்குப் பதிலாக நிற்க அவற்றால் முடியாது. இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இறுதியாகப் பச்சை.

விழாவைப் பற்றிப் பேசுகின்றவர்கள் பச்சையைக் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் ஆண்டின் மிக நீண்ட காலம் அதுவே. 33 அல்லது 34 வாரங்கள் பச்சை. பொதுக்காலம் என்ற பெயரே எவ்வளவு அடக்கமானது! தமிழிலே பச்சை என்றால் புதியது, வேகாதது, முதிராதது. பச்சைக் குழந்தை என்கின்றோம். பச்சை மண் என்கின்றோம். வளர்ச்சி முடியாதவற்றின் நிறம் அது. திணையிலே இதற்கு ஒப்புச் சொல்வதானால் மருதத்தைச் சொல்வேன். முல்லைக்குக் கார், பாலைக்கு வேனில் என்று பிரித்த இலக்கணம், மருதத்துக்கு ஆறு பெரும்பொழுதையும் கொடுத்தது. வயலும் வீடும் சமையலும் சிறு ஊடலும் எல்லாப் பருவத்திலும் உண்டல்லவா? பொதுக்காலமும் அத்தகையது. பெரிய செய்தி எதுவும் இல்லாத ஞாயிறுகள். வேலைக்குப் போய் வந்து, பிள்ளை வளர்த்து, கடன் அடைத்து வாழும் நாள்கள்.

அந்தச் சாதாரண நாள்களின் அருமை நமக்குத் தெரியும். 1995 யூலை 9ஆம் திகதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொதுக்காலத்தின் 14ஆம் ஞாயிறு. பச்சை உடுத்தும் நாள். அன்றுதான் இடம்பெயர்ந்து வந்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகிலிருந்த சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் தங்கியிருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவாலயத்தில் இருந்தவர் யார், கோயிலில் இருந்தவர் யார் என்று சாவு பிரித்துப் பார்க்கவில்லை. எதுவும் நடவாத ஒரு பச்சை ஞாயிறு எவ்வளவு பெரிய வரம் என்பதை, அதை இழந்த மக்களே அறிவர்.

ஆகவே நேயர்களே, அயலவரின் நாட்காட்டியைத் தெரிந்து வைத்திருங்கள் என்பதே எனது வேண்டுகோள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை கத்தோலிக்க நண்பர் வந்தால் அவருக்கு இறைச்சி பரிமாறாமல் இருப்பது நமக்குக் கடினமா? மச்சம் சமைக்காத நமது வெள்ளிக்கிழமை வீட்டிலே அவருக்கும் ஓர் இலை போடலாம். நத்தாருக்குக் கேக் வாங்கி உண்கின்ற நாம், அதற்கு முந்திய நான்கு வாரமும் அவர் எதற்காகக் காத்திருக்கின்றார் என்று ஒருமுறை கேட்கலாம். நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் நினைவு நாளிலே அவர் சேமக்காலைக்குப் போய்த் திரி ஏற்றும்போது, ஆடி அமாவாசையிலே எள்ளும் தண்ணீரும் இறைக்கின்ற நமக்கு அவரது மனம் தெரியாமல் போகாது. இன்னொருவரின் மகிழ்ச்சி எப்போது வருகின்றது, துக்கம் எப்போது வருகின்றது என்று அறியாமல் அவரோடு வாழ்கின்றோம் என்று சொல்வது வெறும் பேச்சு.

அடுத்த முறை தேவாலயமொன்றைக் கடந்து செல்லும்போது கதவு திறந்திருந்தால் பீடத்தைச் சற்று நோக்குங்கள். ஊதாவாக இருந்தால் அவர்கள் காத்திருக்கின்றார்கள் அல்லது நோன்பிருக்கின்றார்கள். சிவப்பாக இருந்தால் ஒருவரின் இரத்தத்தையோ தூய ஆவியின் நெருப்பையோ நினைக்கின்றார்கள். வெள்ளையாக இருந்தால் வாசலிலே நின்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பச்சையாக இருந்தால் அவர்களும் நம்மைப் போலவே சாதாரணமான ஒரு நாளை வாழ்ந்துகொண்டிருக்கின்றார்கள். அந்தப் பச்சை அவர்களுக்கும் நமக்கும் நீடிக்கட்டும்.